பொதுத் துப்பாக்கி

"ஒரே ஒரு குண்டு போடுற துப்பாக்கிக்கா அம்மா இவ்ளோ விலை?" என்று மகள் ஒருமுறை பிலோமினாவிடம் கேட்டாள். துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஏற்ற மலிவான ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி தேடி அவள் ஏறி இறங்காத கடை இல்லை. "வெளிநாட்டுலேருந்து வரணும்மா. வீட்ட வித்துட்டு வாங்க" என்று கடைசிக் கடைக்காரரும் சிரித்தார்.

நாளை மாவட்ட அணிக்கான தேர்வு. மறுபடியும் கிளப்பின் பொதுத் துப்பாக்கிதான். அவளுக்கு முன்னால் சுடும் இத்ரீஸ், குறியைச் சரிசெய்யும் திருகைத் தன் கண்ணுக்கேற்பத் திருப்பிவிட்டுப் போவான். தினமும் திட்டிக்கொண்டே அதைத் தன் பக்கம் திருப்புவாள். இன்று இருந்த கடுப்பில் திருப்ப மறந்து சுட்டுவிட்டாள். குண்டு இலக்கின் நட்டநடுவில் துளைத்திருந்தது. திருகு ஏற்கெனவே அவள் கண்ணுக்கேற்பத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். இத்ரீஸ் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, இன்னைக்கு வசவு ஒண்ணையும் காணோம்?"

"போப்பா, தொழுகைக்கு நேரமாச்சு."

அவள் சுட்டு முடித்தபோது கூடத்தில் யாருமில்லை. நாளை முதலில் சுடுவது இத்ரீஸ். தினமும் மாற்றி மாற்றித் திருப்பிய விரல்களுக்கு அவன் கண்ணுக்கேற்ற இடம் மனப்பாடம். திருகை மெல்ல அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பெட்டியை மூடினாள்.