டெரிலின் இடது கை

"திங்கக்கிழமை கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ராய்ஸ். டெரில் கோழை இல்லன்னு."

ராய்ஸ் அவள் பக்கம் திரும்பவில்லை. சுடுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கும்போது அவர் யார் பக்கமும் திரும்புவதில்லை. எதிரே அவருடைய சனிக்கிழமைத் துப்பாக்கி வகுப்பின் ஆறு பேர் வரிசையாக நின்று காகித மனிதர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். குண்டு துளைக்காத சட்டை, முழங்காலுக்குக் கவசம், இடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பைகள் என்று கடையையே உடம்பில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். டெக்சஸ் வெயிலில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"நான் என்னம்மா சொல்றது, ஜனெல்? அந்த வீடியோவ நானும் பாத்தேன். பாதிக்கு மேல பாக்க முடியல."

"பாதி பாத்தே முடிவு பண்ணிட்டீங்களா?"

"அவன் கையத் தூக்குறத பாத்தேன். அதோட நிறுத்திட்டேன்."

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் மாவட்டத்தில் யாரும் இல்லை. ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரன் டெரில், பெட்ரோல் பங்க்கில் ஒரு திருட்டு வண்டியை மடக்குகிறான். வண்டியில் இருந்தவன் சுடுகிறான். டெரிலும் இரண்டு முறை சுடுகிறான். அதன் பிறகு இடது கையை உயரத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறான். மற்றவன் நிதானமாக நடந்து வந்து அவனைக் கொன்றுவிட்டுப் போகிறான்.

பணியில் உயிர்விட்டவர்களின் பெயரைக் கோர்ட் வாசல் கருங்கல்லில் பொறிப்பது வழக்கம். சரணடைந்தவன் பெயர் எங்கள் அப்பாக்களின் பெயரோடு வரக்கூடாது என்று சிலர் கொடி பிடித்திருந்தார்கள். திங்கட்கிழமை கூட்டம் அதற்குத்தான்.

"ஒத்தக் கையத்தானே தூக்கினாரு" என்றாள் ஜனெல்.

"ஒத்தையோ ரெட்டையோ, எதிர்ல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கும்போது தூக்கினா ஒரே அர்த்தம்தான்."

"சரணடையறவரு துப்பாக்கியக் கீழ போட மாட்டாரா? கடைசி வரைக்கும் அவனுக்கு நேராத்தான் நீட்டிட்டு நின்னாரு."

"அது வேலை செய்யலையே. குண்டு சிக்கிக்கிச்சுன்னு ரிப்போர்ட்டுலயே இருக்கு. சிக்கிக்கிச்சுன்னா என்ன பண்ணணும்? காருக்குப் பின்னால பதுங்கணும். மூளை இருக்கிறவன் அதத்தான் பண்ணுவான்."

செத்தவனின் மனைவியிடம் பேசுகிறோம் என்பது ராய்ஸுக்கு உறைத்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"எட்டு வருஷமா எங்கிட்ட கத்துக்கிட்டவன்மா. மழைன்னாலும் வருவான். சொன்னதத் தட்ட மாட்டான். உயிருக்குன்னு வந்துட்டா மூளை ஓடிப் போயிரும், உடம்பு பழகினத மட்டும்தான் செய்யும்னு தலைப்பாடா அடிச்சுக்குவேன். அதுக்காகத்தான் ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறேன். அப்படிப் பழகினவன் போய்... என்னால ஜீரணிக்கவே முடியல."

"அப்ப அவரு உடம்பு ஏன் பழகினதச் செய்யல?"

"தெரியல. எனக்கு மட்டும் அவமானம் இல்லயா? ராய்ஸ் தயார் பண்ண ஆளு கையத் தூக்கிட்டான்னு சாப்பாட்டுக் கடையில உக்காந்து சிரிக்கிறானுங்க."

"உங்களப் பாத்துச் சிரிக்கிறாங்க. எம் பொண்ணப் பாத்தா என்ன செய்யறாங்க தெரியுமா? ஸ்கூல் பஸ்ல அவ ஏறினதும் எல்லாப் பசங்களும் ஒத்தக் கையத் தூக்குறாங்களாம். இப்ப பஸ்ல ஏறவே மாட்டேங்கிறா. அப்பா போட்டோவத் திருப்பி வச்சிட்டா, ராய்ஸ்."

டெரிலை ராய்ஸுக்குப் பிடிக்கும். அந்தக் குழந்தையை இந்தக் கையால் தூக்கியிருக்கிறார். ஆனால் கூட்டத்தில் எழுந்து பொய் சொல்ல அவரால் முடியாது.

"மன்னிச்சிரும்மா. நான் வரல."

அவள் தலையை அசைத்துவிட்டு, காரை நோக்கித் திரும்பினாள்.

வரிசையில் பல் டாக்டரின் துப்பாக்கிச் சத்தம் மட்டும் நின்றிருந்தது. "ஒரு நிமிஷம்" என்று ராய்ஸ் அவரிடம் போனார். துப்பாக்கியை வாங்கி, சிக்கியிருந்த குண்டை உதறி எடுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நாளெல்லாம் செய்கிற வேலை.

ஜனெல் காருக்குப் போகவில்லை. பல் டாக்டரையே பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள்.

"அவரு ஏன் அப்படி நின்னாரு?"

"யாரு, பல் டாக்டரா? குண்டு சிக்கிக்கிச்சு. இங்க எவனும் அத தானா நோண்டக் கூடாது, அது என் சட்டம். துப்பாக்கிய முன்னால நீட்டினபடி, இடது கைய மேல தூக்கிட்டு ஆடாம அசையாம நிக்கணும். நான் போய்ச் சரி பண்ணித் தருவேன். ஷெரிஃப் ஆபீஸ் ஆளுங்களுக்கும் அதே சட்டம்தான். அதனாலதான் இத்தன வருஷத்துல இங்க ஒருத்தன் உடம்புலகூட ஒரு கீறல்..."

அன்று முதல் முறையாக ராய்ஸ் வரிசையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"அவரு சரணடையல, ராய்ஸ்" என்றாள் ஜனெல். "நீங்க வருவீங்கன்னு நின்னுட்டு இருந்தாரு."