முன்னால் வந்தவருடைய முடிவு

பதினோராவது முறையும் சரியாகவே வந்தது.

அவளுக்கு மேசையை ஓங்கிக் குத்த வேண்டும் போலிருந்தது.

நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த இணையதளம். நோயாளியின் எண்ணைத் தட்டினால் முடிவு தெரியும். முடிவு வந்திருக்காவிட்டால், 'இன்னும் வரவில்லை' என்று சொல்ல வேண்டும்.

செல்வின்ராஜ் என்பவருக்கு அது அப்படிச் சொல்லவில்லை.

மனைவியின் மார்புக் கட்டியில் புற்றுநோய் இல்லை என்றது. மனுஷர் தெரு முழுக்க லட்டு கொடுத்திருக்கிறார்.

மறுநாள் அதே பக்கம், இருக்கிறது என்றது.

"பதற்றத்துல வேற எதையாவது பாத்திருப்பார்," என்றார் அவளுடைய மேலாளர் அருள்தாஸ்.

செல்வின்ராஜ் போனில் பிடித்து அனுப்பிய படம் அவளிடம் இருந்தது. மேலே மனைவியின் பெயர். கீழே, 'இல்லை'.

நான்கு நாட்கள். தான் எழுதிய நிரலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஏதாவது மாற்றினாள். நிரலை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, எண்ணைத் தட்டினாள். அவள் கண்முன் மட்டும் அது யோக்கியமாக நடந்துகொண்டது.

ஐந்தாம் நாள் காலையில் அலுத்துப்போனாள். நிறுத்தக்கூடப் பொறுமையில்லாமல், ஓடிக்கொண்டிருந்த நிரலிலேயே இன்னோர் எண்ணைத் தட்டினாள். முடிவு இன்னும் வராத ஒருவருடைய எண்.

முடிவு வந்தது.

முன்னால் தட்டிய எண்ணுக்கு உரியது.

நாற்காலியில் சாய்ந்தாள்.

சர்வரில் அந்த நிரலை யாரும் நிறுத்துவதில்லை. காலையிலிருந்து மாலை வரை ஒரே நிரல்தான் வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிறது. முடிவை ஏந்தி வைக்கும் பெட்டி போன்ற மாறியை, ஒருவர் போனதும் காலி செய்திருக்க வேண்டும். அவள் செய்யவில்லை. முடிவு வந்தவருக்கு அது புதிதாக நிரம்பும். வராதவருக்கு, முன்னால் வந்தவருடையது அப்படியே கிடக்கும்.

ஒரே ஒரு வரி.

எழுதினாள். சரியாகிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று அருள்தாஸ் சிரித்தார். "இதுக்கா நாலு நாள்?"

"எத்தனை பேருக்கு இப்படிப் போச்சுன்னு பாக்கணும் சார்."

"வேற யாரும் கேக்கலையே, ஜெபா. விடு."

அவள் விடவில்லை.

யார், எப்போது பார்த்தார்கள் என்ற பதிவைத் திறந்தாள். மூன்று வாரம். மதியச் சாப்பாட்டு டப்பா மூடியபடியே இருந்தது.

முடிவு வருவதற்கு முன்பே பார்த்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் பிறகு மறுபடி வந்து, தங்களுடையதைப் பார்த்திருந்தார்கள்.

ஒருவர் வரவில்லை.

லில்லி புஷ்பம். வயது முப்பத்து நான்கு. ஒன்பதாம் தேதி பார்த்தது. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் பார்த்தவருக்கு 'இல்லை'. லில்லி புஷ்பத்துக்கான முடிவு வந்ததே பன்னிரண்டாம் தேதிதான்.

அதை யாரும் திறக்கவில்லை.

ஏன் திறக்கப் போகிறார்? நல்ல பதில்தான் கிடைத்துவிட்டதே.

பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தாள். "எஸ்எம்எஸ் அனுப்பிட்டோம் மேடம். பாக்காதது அவங்க தப்பு." வைத்துவிட்டார்கள்.

அவள் அந்த முடிவைத் திறந்தாள். படித்தாள்.

திரையில் இருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினாள். இரண்டு முறை மணி அடித்ததுமே எடுத்துவிட்டார். பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"லேபா? நான் அப்பவே பாத்துட்டேன். ஒண்ணும் இல்லன்னு வந்துட்டு. ரொம்ப நன்றிம்மா, இனி நிம்மதியா…"

"அக்கா."

ஜெபா குறுக்கிட்டாள்.

"நான் லேபுல இருந்து பேசலைக்கா. நீங்க பாத்தீங்களே, அந்தப் பக்கத்தை எழுதினவ."

மிக்சி நின்றது.

"சொல்லும்மா," என்றார்.