விக்கி விக்கி ஓடிய பஸ்

"ஏங்க, நீங்க நிஜமாவே மெக்கானிக்தானா? இல்ல, கடையில சும்மா நின்னவங்களைப் பிடிச்சு அனுப்பிட்டாங்களா?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக வீட்டுக்காரர் எகிறினார்.

திருப்புளி வாசலில் செருப்பைக் கழற்றினாள். கம்ப்யூட்டர் கடையில் அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் கையில் ஒரு திருப்புளி இருக்கும், பேரே அதுவாகிவிட்டது.

"அந்த வீட்டிலிருந்து இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, நீ கடைப்பக்கமே வராதே" என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும். அந்த நினைப்பிலேயே ஏறி வந்தவள், மாடிப்படியில் கால் தடுக்கி விழப்பார்த்திருந்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

"இன்னும் என்ன ஆகணும்? புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டா கேம் பறக்கும்னீங்க. பழசுல ஓடின அளவுக்குக்கூட ஓடல. கலங்கலா தெரியுது, விக்கி விக்கி ஓடுது. வந்து பாருங்க!"

கேம் ஆடுவது அவரில்லை, அவருடைய அப்பா. பஸ் டிரைவராக இருந்தவர். மேஜையில் விளையாட்டு ஸ்டியரிங், காலடியில் பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாம் மாட்டி, திரையில் பஸ் ஓட்டுகிற கேம். பெரியவர் மூலை நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"வேலையை விட்டதுல இருந்து மனுஷன் சிரிச்சு நான் பாக்கல. இந்தக் கேம் வந்த பிறகுதான் முகத்துல கொஞ்சம் தெளிவு. சரி, நல்லா தெரியட்டுமேன்னு ஆசைப்பட்டு கார்டை மாத்தினா, இருந்ததும் போச்சு!"

"பரவாயில்லடா. ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

திருப்புளி மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். 

திரையின் வயர் புது கார்டில் இல்லை. அதற்கு மேலே, மதர்போர்டில் சொருகியிருந்தது. அங்கே சொருகினால் புது கார்டு தேமேயென்று உட்கார்ந்திருக்கும், ஒரு வேலையும் செய்யாது.

முதல் நாள் கார்டு மாட்டியபோது இதே தப்பை அவள்தான் செய்தாள். அவசரம். மறுபடி வந்து, மன்னிப்புக் கேட்டு, பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே மாற்றிச் சொருகினாள். சொருகினாளா, இல்லையா? சொருகினேனே! நமக்கே மறை கழன்றுவிட்டதா? 'அதே தப்பை மறுபடியும் செஞ்சிருக்கேன்' என்று முதலாளியிடம் எந்த மூஞ்சியோடு சொல்வது?

வயரைப் பிடுங்கிக் கீழே சொருகினாள். கேமைப் போட்டாள்.

அடேயப்பா! ரோடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பஸ் வழுக்கிக்கொண்டு போயிற்று. நடைபாதையில் போகிறவர்களின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

"அப்படிப் போடு! அப்பா, வாங்க, வந்து உக்காருங்க!" வீட்டுக்காரர் கோபமெல்லாம் போய்ச் சிரித்தார். அதற்குள் போன் அடிக்க, பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார்.

திருப்புளிக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. பையை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

பெரியவர் ஸ்டியரிங் முன்னால் உட்காரவில்லை. மேஜைக்குப் பின்னால் குனிந்து, வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். திரை இருட்டாயிற்று.

"ஐயா! நீங்களா?"

பெரியவர் கையில் வயரோடு நிமிர்ந்தார்.

"ஏங்கய்யா இப்படிப் பண்றீங்க? என் பொழப்புல மண்ணைப் போட்டு உங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?" அவளுக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. இந்த வயசில் என்ன வம்புபிடித்த புத்தி!

"சத்தம் போடாதேம்மா. பையனுக்குத் தெரிய வேண்டாம். உன் கால்ல வேணா விழறேன்."

வயரோடு சேர்த்துக் கையைக் கூப்பினார்.  நெற்றி, கழுத்தெல்லாம் வியர்வை. முதலாளிக்கு அவள் பயப்படுகிற பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. எதற்கு இப்படிப் பயப்படுகிறார் என்று கேட்க வாயெடுத்தாள். பால்கனிக் கதவு திறந்தது.

என்ன தோன்றியதோ, சட்டென்று வயரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"என்னங்க, மறுபடியும் என்ன கேடு?" என்றார் வீட்டுக்காரர், இருட்டுத் திரையைப் பார்த்து.

'உங்கப்பாவையே கேளுங்க' என்று தொண்டைவரை வந்துவிட்டது. பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்... என் தப்புதான் சார். உங்க கம்ப்யூட்டருக்கு இந்தக் கார்டு ஒத்துக்காது. தெரியாம மாட்டிட்டேன். பழசையே போட்டுத் தந்துடறேன்."

"தெரியாம மாட்டிட்டீங்களா? விளையாடறீங்களா? இருங்க, உங்க முதலாளிகிட்டயே கேக்கறேன்!"

போனில் மணி போகிற சத்தம் அவளுக்கும் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு. நாளையிலிருந்து எங்கே போய் வேலை கேட்பது? 

மகன் கையிலிருந்த போனைப் பெரியவர் பிடுங்கி அணைத்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லடா. வயரை மாத்திச் சொருகினது நான்தான். நீ ஆசையா வாங்கிப் போட்டது, எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"ஏம்பா?"

"பழசுல ரோட்டுல போறவங்கல்லாம் வெறும் பொம்மைடா. இதுல முகம் தெரியுது. யாரு எதிர்ல வந்தாலும், அன்னிக்கு என் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடி வந்துச்சே... அந்தக் குழந்தை முகமாவே தெரியுதுடா."