பூட்டிய நாலாம் வகுப்பு

வெளியிலிருந்து கதவைப் பூட்டும் சத்தம் கேட்டதும் ஹுல்கர் டீச்சர் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். உள்ளே அவளும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேரும்.

பூட்டியது தலைமையாசிரியை ரோபியா. வரலாற்று டீச்சர் ஒருவரை ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பியவள்.

எல்லாம் ஹுல்கர் வாயால் வந்த வினை. மேலிடத்து அதிகாரி வருகிறாராம், பள்ளி டீச்சர்கள் பதினெட்டுப் பேரும் மூன்றாவது நாளாகச் சாலையைக் கூட்ட வேண்டுமாம்.

"புள்ளைங்க இப்பத்தான் வகுத்தலைப் புடிச்சிருக்காங்க. நான் வரமாட்டேன், வேலையே போனாலும் சரி!" என்று நேற்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அந்த வீரம் வீடு போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன கணவனிடமிருந்து ஆறு மாதமாகத் தகவல் இல்லை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

சற்றுமுன் ரோபியா உள்ளே வந்து, பலகையில் இருந்த கணக்கை வெகுநேரம் பார்த்தாள். முதல் பெஞ்சு நோதிராவிடம், "புரியுதாடி?" என்றாள்.

"நேத்து புரியல. இன்னிக்குப் புரியுது டீச்சர்."

ரோபியா சிரிக்கவில்லை. "ஹுல்கர், ரோடு கூட்டறதுக்குக் குடுத்த ஆரஞ்சு சட்டை எங்க?"

ஹுல்கர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "அக்கா, ஏதோ கோவத்துல பேசிட்டேன். இப்பவே போய்க் கூட்டறேன்க்கா..."

"இனிமே இது உனக்கு வேணாம். நான் வந்து திறக்கற வரைக்கும் ஒருத்தரும் வெளிய வரக்கூடாது."

அவ்வளவுதான். பூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஹுல்கர் ஜன்னலுக்கு ஓடினாள். தூசிக்குப் பயந்து முக்காட்டை மூக்குவரை இழுத்துக் கட்டிய பெண்கள் சாலையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த மாவட்ட அலுவலர் காரிலிருந்து பட்டியலோடு இறங்கினார்.

"ஒரு ஆள் கொறைஞ்சாலும் அவங்களுக்கு இன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சிடும்!"

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு டிக் அடித்தார். பதினேழு முடிந்தது. மிச்சம் ஹுல்கர் பெயர் மட்டும்தான். 'டீச்சர், கணக்கு முடிஞ்சிடுச்சு' என்று நோதிரா பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை.

"யாருய்யா அந்த ஹுல்கர்? வரமாட்டேன்னு சட்டம் பேசினவ?"

ஹுல்கர் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

பதினைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தையே நடுங்கவைத்த குரல், சாலையிலிருந்து பணிவாகக் கேட்டது.

"நான்தாங்க ஹுல்கர்."