மூத்தாள் வைத்த மரம்

“வேர்ல இன்னாத்த ஊத்தினே? உண்மையச் சொல்லு!”

கொர்னேலியஸ் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு கத்தினான். இளைய மனைவி இசபெல்லாவின் தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக வாசலில் இருந்தது.

ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கான, மூங்கில் தட்டி வைத்த லைன் வீடு. அதன் பின்னால் நின்ற மாமரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. செத்துப்போன முதல் மனைவி மரியகுழந்தை தன் கையால் மாங்கொட்டையை மண்ணில் ஊன்றி முளைக்க வைத்தது. மரம் பட்டுப்போனால் இளையவள் மாரிகுப்பத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று அவன் சொல்லிவிட்டான்.

ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதலில் அந்த மரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பாடு. இசபெல்லாவிடம் ஒருநாளும் அப்படிப் பரிவு காட்டியதில்லை. அவள்தான் வென்னீர் ஊற்றியிருப்பாள் என்று பக்கத்து வீட்டு கங்கம்மா ஓதியதை மட்டும் உடனே நம்பினான்.

“பச்சத்தண்ணி தாங்க ஊத்தினேன்.”

“அப்ப ஏன் காயுது? பேய் புடிச்சுக்கிச்சா?”

அலுப்பும் ஆத்திரமுமாகத் தோண்டினான். முழங்கை ஆழத்தில் விஷயம் தெரிந்தது. மரத்தின் வேர் ஒன்று அடிமரத்தையே சுற்றி, கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்கியிருந்தது.

கோடாலி துள்ளியது, உளி வழுக்கியது. சுரங்கத்துக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறைக்கு முட்டுக் கொடுக்கிற டிம்பர் வேலைக்காரனுக்கு ஒரு வேர் தண்ணி காட்டியது. “சாத்தானே!” என்று பல்லைக் கடித்தான்.

அந்தப் பாழும் வேர் வட்டமாகக்கூடச் சுற்றவில்லை. ஷாஃப்டுக்குள் அவன் கட்டும் மரச்சட்டம்போல நாலு மூலையிலும் மடங்கித் திரும்பியிருந்தது. ஒரு மூலையில் மண்வெட்டி ‘ணங்’கென்று துருப்பிடித்த தகரத்தில் பட்டது. எரிச்சலில் அதைப் பிடுங்கித் தூர எறிந்தான்.

கை கொப்பளித்த பிறகுதான் வேர் அறுந்தது. மரம் இனிமேல் பிழைத்துக்கொள்ளும். கொர்னேலியஸ் குழிமேட்டில் உட்கார்ந்தான். வென்னீரும் இல்லை, விஷமும் இல்லை. வெட்கமாக இருந்தது.

“பெட்டிய உள்ள வை” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் நகரவில்லை.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல” என்று முனகினான். “அவ கொட்டையை வெறும் மண்ணுல தான போட்டா? பாறையும் இல்ல, செவுரும் இல்ல. வேரு ஏன் இப்டி நாலு மூலையா மடங்கிக் கீது?”

இசபெல்லா போய் அந்தத் தகரத் துண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

“சீமெண்ண டின்னுங்க. அவசரத்துல அடியை மட்டும் தட்டிட்டு டின்னோடயே பொதச்சிட்டேன்.”

“எதப் பொதச்சே?”

“கல்யாணம் ஆன புதுசுல நீங்க காய்ச்சலா ஆஸ்பத்திரில கெடந்தீங்களே. அப்பவே அக்கா வெச்ச கன்னு பட்டுப்போச்சு. நீங்க தாங்கமாட்டீங்கன்னு, எங்கம்மா வூட்ல டின்னுல வளத்த கன்னைத் தூக்கியாந்தேன்.”

நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான். பிறகு, முதல்முறையாக, அவளைப் பார்த்தான்.

“இது நான் வெச்ச மரங்க.”