ஒப்புதல் என்று ஒரு பிழை

"உன்னால சட்டசபையோட மானமே போச்சு!"

கமா சார் போட்ட சத்தத்தில் டைப்பிஸ்ட் அக்காவின் விரல் ஒரே எழுத்தை நாலு தடவை அடித்துவிட்டது.

மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைவர் அவர். ஒரு கமா இடம் மாறினால்கூட வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். பெயர் அப்படி வந்தது. எதிரே தலை குனிந்து நின்றவள் மொழிபெயர்ப்பாளர். வேலைக்கு வந்து பத்து மாதம். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம். அவள் வீட்டில் சம்பளம் கொண்டுவருகிற ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் சபையில் ஓட்டெடுப்பு. ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியோடு அரசாங்கம் போடப்போகிற ஒப்பந்தம். ஆங்கிலத்தில் எழுநூறு பக்கம்; கையெழுத்தாகப்போவதும் அதுதான். நம் மொழியில் வந்ததைப் படித்துவிட்டுத்தான் உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். படிப்பார்களா என்று கேட்காதீர்கள். தூக்குவார்கள்.

"விடுங்க சார், பாவம் சின்னப் பொண்ணு" என்றார் வணிகத் துறை அதிகாரி. பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவரே அவர்தான். கோபமே இல்லை, வரும்போது பிரிவு முழுவதற்கும் பிஸ்கட் வேறு வாங்கி வந்திருந்தார்.

"நாப்பத்திரண்டாவது ஷரத்து. 'கம்பெனியின் லாபத்தைப் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் அரசு அதன் ஒப்புதல் பெற்றே இயற்ற வேண்டும்'னு எழுதியிருக்கும்மா. மூலத்துல இருக்கறது கன்சல்ட், கலந்து பேசறது. நீ கன்சென்ட், ஒப்புதல்னு படிச்சுட்டே. சும்மா பேசினாப் போதும், அவ்வளவுதான். ஒரு நாடு சட்டம் போட கம்பெனிகிட்டப் போய் அனுமதி கேக்குமா?"

"அதானே!" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. "என் வீட்டுல இன்னிக்கு என்ன சமைக்கணும்னு பால்காரன்கிட்டயா கேப்பேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட் வாயோடு.

"சார், நான் கன்சென்ட்னு பார்த்த ஞாபகம்..." அவள் இழுத்தாள்.

"ஞாபகமா? ஞாபகத்துக்கா இங்க சம்பளம் குடுக்கறாங்க?" என்றார் கமா சார்.

எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. மொழிபெயர்ப்பு முடிந்த அன்றே மூலப் பிரதி சபைச் செயலாளரின் இரும்பு அலமாரிக்குப் போய்விடும். பிழை என்று எழுத்தில் பதிவானால்தான் மறுபடி வெளியே வரும். நேரமாக ஆக, அவளுக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். "அலமாரி, பதிவு, அதெல்லாம் எதுக்கு சார்? திருத்தின பக்கத்தை நானே அடிச்சு எடுத்துட்டு வந்துட்டேன். பழசை உருவிட்டு இதைச் செருகிடலாம். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும். பொண்ணு வேலையும் பொழைச்சுது."

அவளுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"முடியாது" என்றார் கமா சார். "தப்புன்னா தப்புதான். பிழைத்திருத்தச் சீட்டு போட்டே ஆகணும்."

பிழைத்திருத்தச் சீட்டு என்றால் சும்மா இல்லை. ஆங்கில வாக்கியமும் நம் வாக்கியமும் அருகருகே அச்சாகும். ஒவ்வொரு உறுப்பினர் மேஜைக்கும் ஒன்று போகும். ஓட்டெடுப்புக்கு முன்னால் சபையில் உரக்க வாசிக்கப்படும். அடியில், பிழைக்குப் பொறுப்பானவர் பெயர்.

அதிகாரியின் சிரிப்பு கொஞ்சம் உதிர்ந்தது. "ஒரு வார்த்தைக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா சார்?"

"வார்த்தைக்காகத்தான் சார் இந்தப் பிரிவே இருக்கு."

"மந்திரிகிட்டப் பேசறீங்களா?"

"சீட்டு அச்சுக்குப் போனப்புறம் பேசறேன்."

அதிகாரி போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனார். பிஸ்கட் பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

"மனுஷனா இவரு?" டைப்பிஸ்ட் அக்கா பல்லைக் கடித்தாள். "மூலத்தோட ஒப்பிட்டு, சரின்னு கையெழுத்துப் போட்டதே இவருதானே? இப்ப பழி மட்டும் உன் தலையில. நீ அழாதடி. இதுக்கெல்லாம் அழுதா இந்த ஆபீஸ்ல கண்ணு மிஞ்சாது."

அவள் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மூன்று மணிக்கு அச்சகத்திலிருந்து முதல் சீட்டு வந்தது. கமா சாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவள் அவள்தான். வழியிலேயே அடிப்பகுதியைப் பார்த்தாள். 'பிழைக்குப் பொறுப்பு' என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை. கமா சாரின் நிஜப் பெயர் இருந்தது. ஓய்வு பெற எட்டே மாதம் இருக்கிற மனிதருடைய பெயர்.

பிறகுதான் மேலே படித்தாள். இடது பக்கம் ஆங்கிலம். வலது பக்கம் அவள் எழுதியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

"சார்... மூலத்துலயும் கன்சென்ட்னுதான் இருக்கு. நான் எழுதினது சரிதானே? இதுல தப்பு எங்க சார்?"

கமா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதைத்தாம்மா நாளைக்கு மொத்த சபையும் எழுந்து நின்னு கேக்கணும்."