ஹங்கேரியப் படமும் என் தமிழும்

“டீச்சர், முடிவ மட்டும் மொதல்லயே சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு கடைசியில யார கட்டிக்கிது? அப்பன் பாத்தவனையா, அவளா பாத்தவனையா?”

வெள்ளிமலை சமுதாயக் கூடத்தில் படம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் செவ்வந்தி இப்படிக் கேட்டாள்.

கள்ளக்குறிச்சி வாசகர் வட்டத்தார் அந்த ஞாயிறு பிற்பகலில் ஒரு ஹங்கேரியக் காதல் படத்தைத் திரையிட ஏற்பாடு செய்திருந்தார்கள். படத்தின் அடியில் ஆங்கில வரிகள் ஓடும். அவற்றைப் படித்து மைக்கில் தமிழில் சொல்வது என் பொறுப்பு. முப்பத்தாறு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள். படத்துக்கு மூலமான பழைய நாவலை இருமுறை படித்தவள். இவ்விரண்டையும் கூடத்தில் இருந்த அனைவரிடமும் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தேன்.

“எதுக்கும்மா கேட்கறே?”

“எம் பொண்ணு மலர்விழி, ஜீப் ஓட்டுற வெற்றிவேலைத்தான் கட்டிக்குவேன்னு நிக்கிறா. வூட்ல ஒரே சண்ட. அதான் எல்லாரையும் இட்டாந்தேன்.”

முன்வரிசையின் ஒரு கோடியில் மகள். மறு கோடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, செவ்வந்தியின் கணவர் முனியன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்ணுக்குப் புத்தி புகட்ட வந்த தாய்!

“கவலைப்படாதே. நாவலில் அவள் தகப்பன் சொல்லைத் தட்டவே இல்லை” என்றேன்.

செவ்வந்தியின் முகம் சுருங்கியது. நிம்மதியிலும் சிலருக்கு முகம் சுருங்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

“சரி, வந்தது வந்தாச்சி” என்று போய் உட்கார்ந்தாள்.

படம் ஒழுங்காகவே போயிற்று. மாவு ஆலைக்காரரின் மகளுக்குப் படகோட்டி மேல் காதல். தகப்பனோ தானிய வியாபாரிக்கு நிச்சயித்துவிட்டார். முத்தக் காட்சிகளில் மட்டும், “நலம் விசாரிக்கிறார்கள்” என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசிக் காட்சியில் இயக்குநர் நாவலைக் கைவிட்டார். “அப்பா, நான் இவரோடு போகிறேன்” என்று ஆங்கில வரி வந்தது.

எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருப்பேன்! இதையும் திருத்தினேன்.

“அப்பா, உங்கள் விருப்பமே என் விருப்பம்” என்றேன், கணீரென்று.

“ன்னுட்டு படகுல ஏறிட்டாளே!” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“பிரியாவிடை பெறுகிறாள்.”

“ரெண்டு பேரும் ஒரே படகுல போய்க்கினு இருக்காங்க டீச்சர்! யாரு யாருக்கு விடை குடுக்கிறது?”

கூடமே சிரித்தது. நான் விடவில்லை, அடுத்த வரியையும் திருத்தினேன், அதற்கடுத்ததையும்.

விளக்கைப் போட்டதும் செவ்வந்தியிடம் போனேன்.

“முடிஞ்ச மட்டும் உன் பக்கம்தான் நின்னேன்மா. படம் எடுத்தவர் கெடுத்துட்டார்.”

“எம் பக்கமா? அவள வெற்றிவேலுக்கே குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறதே நான்தானுங்க! இவருதான் மாட்டேங்கிறாரு. சொன்னா ஏறாது, படம் பாத்தாவது மனசு எளகும்னு இட்டாந்தா, நீங்க மைக்க புடிச்சிகினு அவருக்கு வக்காலத்து வாங்குறீங்க!”



முனியன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

“நாளைக்கி அந்தப் பையன வூட்டுக்கு வரச் சொல்லு.”

மலர்விழி அசையாமல் நின்றாள். செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பொறுக்காமல் கேட்டவள் நான்தான்.

“நான் அவ்வளவு சொன்னதைக் கேட்டுமா?”

“நீங்க இன்னாமோ சொல்லிக்கினுதான் இருந்தீங்க. அந்த அப்பன் முட்டி வரைக்கும் தண்ணியில எறங்கி, அவனே படகத் தள்ளி வுட்டான் பாருங்க. எனக்கு அது போதுங்க.”

தகப்பன் எப்போது தண்ணீரில் இறங்கினார் என்று நான் கேட்கவில்லை. அடியில் ஓடிய வரிகளைத் திருத்தும் மும்முரத்தில், அந்தக் கூடத்தில் படம் பார்க்காதவள் நான் ஒருத்திதான்.